அடுத்த பெருந்தொற்று, ஏஐ ஆபத்து: தனி ஆள் என்ன செய்ய முடியும்? (வாசகர் கேள்வி-பதில்)

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலையைச் சுற்றித்தான் வந்திருக்கின்றன. ஏஐ நம்மை என்ன செய்யப்போகிறது, கொரோனா மாதிரி இன்னொன்று வந்தால் என்ன ஆகும், இதில் சாதாரண ஆளுக்கு என்ன வேலை இருக்கிறது. பெங்களூருத் தமிழர்கள்தான் அதிகம் எழுதியிருக்கிறார்கள். ஏஐயைச் செய்கிறவர்களும், ஏஐயால் வேலை போகுமோ என்று பயப்படுகிறவர்களும் ஒரே லிஃப்டில் ஏறி இறங்கும் ஊர் இது, அதனால் எனக்கு ஆச்சரியமில்லை. நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் எல்லாருக்கும் ஊர்ப்பகுதி மட்டும்.

கேள்வி: நான் மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். பெருந்தொற்று, அணு ஆயுதப் போர் மாதிரியே ஏஐயாலும் மனித குலம் அழியலாம் என்று அந்தத் துறைக்காரர்களே கையெழுத்துப் போட்டதைப் படித்ததிலிருந்து ராத்திரி ஒரு மணி வரை அதையே படிக்கிறேன். என் கணவரோ, "நம்ம கையில என்ன இருக்கு, போன வச்சுட்டுத் தூங்கு" என்கிறார். யார் செய்வது சரி?
– வாசகி, ஒயிட்ஃபீல்ட்

பதில்: நீங்கள் சொல்வது 2023 மே 30 அன்று வெளியான அறிக்கை. மொத்தமே ஒரு வாக்கியம், ஆங்கிலத்தில் 22 வார்த்தைகள். ஏஐயால் மனித குலம் அழிந்துபோகும் ஆபத்தைக் குறைப்பதற்கு, பெருந்தொற்றுக்கும் அணு ஆயுதப் போருக்கும் தருகிற அளவு முன்னுரிமையை உலகம் தர வேண்டும் என்பதுதான் அதன் சாரம். ஏஐ ஆய்வின் முன்னோடிகளான ஜெஃப்ரி ஹின்டன், யோஷுவா பெஞ்சியோ, ஓபன்ஏஐ நிறுவனத்தின் சாம் ஆல்ட்மன், கூகுள் டீப்மைண்டின் டெமிஸ் ஹசாபிஸ் எல்லாரும் அதில் கையெழுத்துப் போட்டவர்கள். ஆனால் ஹின்டனோடும் பெஞ்சியோவோடும் சேர்ந்து, கணினித் துறையின் நோபல் என்று சொல்லப்படும் டூரிங் விருதை 2018க்காக வாங்கிய யான் லெகுன், இதெல்லாம் மிகைப்படுத்தல் என்று வெளிப்படையாகச் சொல்கிறவர். ஒரே விருதைப் பங்கு போட்டுக்கொண்ட மூன்று பேரில் இரண்டு பேர் பயப்படுகிறார்கள், ஒருவர் பயப்படவில்லை. அவர்களுக்குள்ளேயே தீராத வழக்கை நீங்கள் ராத்திரி ஒரு மணிக்குப் படுக்கையில் படுத்துக்கொண்டு தீர்த்துவைக்க முடியாது அம்மா.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதும் எனக்குச் சரியாகப் படவில்லை. நீங்கள் படிக்கிறீர்கள், அவர் தூங்குகிறார், இரண்டு பேருமே மறுநாள் காலையில் அதனால் எதையும் மாற்றிச் செய்வதில்லை. படிக்கும்போது ஏதோ வேலை பார்த்த மாதிரி ஒரு திருப்தி வரும், அதுதான் இதில் இருக்கிற சிக்கல். வாரத்தில் ஒரு நேரம் வைத்துக்கொண்டு படியுங்கள், படித்து முடித்ததும் "இதனால் நாளைக்கு நான் எதை வேறு மாதிரி செய்யப் போகிறேன்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் இல்லை என்றால் அந்த விஷயம் அன்றைக்கு அவ்வளவுதான், மூடி வைத்துவிடலாம்.

இன்னொன்று. ஏஐ ஆபத்து என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறீர்கள், அதைப் பிரித்துப் பாருங்கள். என் வேலைக்கு என்ன ஆகும் என்பது ஒரு கவலை. இப்போதே நடக்கிற மோசடி, போலி வீடியோ என்பது வேறு. கட்டுப்பாட்டை மீறிப் போய்விடுமா, யாராவது இதை வைத்துக் கொடிய கிருமியை உருவாக்கிவிடுவார்களா என்பது மூன்றாவது. முதலாவது உங்கள் குடும்பப் பிரச்சினை, இரண்டாவது தெருவின் பிரச்சினை, மூன்றாவது நாடுகள் உட்கார்ந்து பேச வேண்டியது. மூன்றையும் ஒரே பயமாகப் போர்த்திக்கொண்டால் கை கால் ஓடாது.

அப்புறம், கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: நீங்கள் டெஸ்டர். உங்கள் கம்பெனி இன்றைக்கு ஏதோ ஒரு வங்கிக்கோ ஆஸ்பத்திரிக்கோ எழுதுகிற சாஃப்ட்வேரில் ஏஐயைச் சேர்த்துக்கொண்டிருக்கும். அது தப்பான பதில் சொன்னால் யார் கவனிப்பது, எந்த முடிவு மனிதர் பார்க்காமல் போகக் கூடாது, தமிழிலோ கன்னடத்திலோ கேட்டால் என்ன உளறுகிறது என்றெல்லாம் சோதித்துப் பார்க்க வேண்டிய நாற்காலியில் நீங்கள்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். தேதி நெருங்கிவிட்டது, ரிலீஸுக்கு ஓகே சொல்லு என்று மேனேஜர் நெருக்கும்போது, "இந்த மூணு கேஸ் இன்னும் ஃபெயில் ஆகுது" என்று எழுத்தில் பதிந்து வையுங்கள். ஹின்டனாலும் உங்கள் கம்பெனிக்குள் வந்து அதைச் செய்ய முடியாது.

கேள்வி: எல்லாமே புலி வருது கதைதான். 1999ல் ஒய்டூகே என்று பயமுறுத்தினார்கள், விமானம் விழும், பேங்க் கணக்கு அழியும் என்றார்கள். ஜனவரி 1 விடிந்தது, ஒன்றும் ஆகவில்லை. ஏஐயும் அப்படித்தான் போகும். ஏன் வீண் பீதி?
– ஓய்வுபெற்ற பொதுத்துறை ஊழியர், ஜீவன்பீமா நகர்

பதில்: ஐயா, ஒய்டூகேவில் ஒன்றும் ஆகாமல் போனதற்குக் காரணம், ஆகாமல் பார்த்துக்கொண்டார்கள் என்பதுதான். பழைய நிரல்களில் வருஷத்தை இரண்டு இலக்கத்தில் எழுதி வைத்திருந்தார்கள், 2000 வந்ததும் அது 1900 ஆகிவிடும் அபாயம் நிஜமாகவே இருந்தது. உலகம் முழுவதும் பல ஆயிரம் கோடி டாலர் செலவழித்து வரிவரியாகத் திருத்தினார்கள். அந்தத் திருத்த வேலையில் பெரிய பங்கு இந்தியாவுக்கு வந்தது, பெங்களூர் ஐடி வளர்ந்ததில் அதற்கு முக்கியமான இடம் உண்டு. கோபால் (COBOL) என்ற பழைய கணினி மொழியைப் படித்துவிட்டு அந்த வேலைக்குப் போன பையன்கள் உங்கள் தெருவிலேயே இருந்திருப்பார்கள், விசாரித்துப் பாருங்கள்.

ஓசோன் ஓட்டையும் இதே ரகம். 1985ல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் குறைவதை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள், 1987லேயே மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்துவிட்டது, ஃப்ரிட்ஜிலும் ஸ்ப்ரேயிலும் இருந்த அந்த வாயுக்களைப் படிப்படியாக நிறுத்தினார்கள், இப்போது படலம் மெதுவாகத் தேறிவருகிறது. அதனால் இப்போது யாரும் அதைப் பேசுவதில்லை. இருபது வருஷம் ஹெல்மெட் போட்டு வண்டி ஓட்டித் தலை உடையாதவர், ஹெல்மெட்டே தண்டம் என்று சொல்கிற மாதிரி ஆகிவிடும் நாம் பேசுவது.

உங்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். 1976ல் அமெரிக்காவில் பன்றிக் காய்ச்சல் பெருந்தொற்றாக வரப்போகிறது என்று பயந்து நாலு கோடிப் பேருக்கு மேல் அவசர அவசரமாகத் தடுப்பூசி போட்டார்கள். தொற்று வரவே இல்லை. நரம்பைத் தாக்கும் ஒரு அரிய நோய் ஊசி போட்டவர்களில் சிலருக்கு வந்ததால் திட்டத்தையே நிறுத்தினார்கள். ஆக, எச்சரிக்கை எல்லாமே பலிக்கும் என்பதில்லை. ஆனால் முடிவைப் பார்த்துவிட்டு எச்சரிக்கையை எடை போடக் கூடாது. சொல்கிறவருக்கு அந்தத் துறை தெரியுமா, பயத்தைக் காட்டி எதையாவது விற்கிறாரா, தடுப்பதற்கு ஆகிற செலவு எவ்வளவு, தடுக்காமல் விட்டு நடந்துவிட்டால் திரும்ப முடியுமா, இப்படித்தான் பார்க்க வேண்டும். ஏஐ விஷயத்தில் திரும்ப முடியாத சில வாசல்கள் இருக்கலாம் என்று நினைக்கிறேன். அதனால்தான் பீதி வேண்டாம் என்பதில் உங்களோடு ஒத்துப்போகிறேன், அலட்சியத்தில் ஒத்துப்போக முடியவில்லை.

கேள்வி: என் பாட்டி வருஷா வருஷம் பிளேக் மாரியம்மன் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போவார். பிளேக் என்றால் என்ன என்றே எங்களுக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் பெங்களூர் ஜனங்கள் அதை எப்படிச் சமாளித்தார்கள்? பயந்து ஓடினார்களா, எதிர்த்து நின்றார்களா?
– கல்லூரி மாணவி, மல்லேஸ்வரம்

பதில்: இந்தக் கேள்விக்கு நன்றி மகளே, இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதப் போகிறேன்.

1896ல் பம்பாயில் பிளேக் என்கிற கொடிய தொற்றுநோய் வந்தது. லட்சக்கணக்கானவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரை விட்டு வெளியேறினார்கள், அவர்களோடு நோயும் ரயிலேறியது. 1898 ஆகஸ்டில் ஹூப்ளிப் பக்கமிருந்து ரயில் வழியாகப் பெங்களூருக்கு வந்து சேர்ந்தது. எலியின் மேல் இருக்கிற தெள்ளுப்பூச்சிதான் இதைப் பரப்புகிறது என்று பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் கராச்சியில் கண்டுபிடித்ததும் அதே 1898ல்தான், ஆனால் அதை மற்றவர்கள் ஏற்றுக்கொள்ளப் பல வருஷம் ஆனது. அதாவது நோய் எப்படிப் பரவுகிறது என்றே தெரியாமல் ஒரு ஊர் நோயோடு போராடியது. இன்றைக்கு ஏஐயைப் பற்றிப் பேசும்போது நமக்கு இருக்கிற அதே நிலைமைதான், ஆபத்து இருக்கிறது என்று தெரியும், எந்த வழியாக வரும் என்று தெரியாது.

நீ கேட்ட இரண்டுமே நடந்தது. முடிந்தவர்கள் ஓடினார்கள். முடியாதவர்கள் ஒளித்தார்கள். அரசாங்கம் வீட்டுக்குள் புகுந்து சோதித்தது, நோயாளிகளைப் பிடித்து முகாமில் அடைத்தது, சாமான்களைக் கொளுத்தியது, வீட்டை இடித்தது. 1897ல் வந்த தொற்றுநோய்ச் சட்டம் அதற்கெல்லாம் அதிகாரம் கொடுத்தது, அதே சட்டத்தைத்தான் 2020லும் நம் அரசுகள் கையில் எடுத்தன. முகாமுக்குப் போனால் திரும்பி வர மாட்டோம் என்று பயந்து ஜனங்கள் காய்ச்சல்காரரை மறைத்து வைத்தார்கள், நோய் இன்னும் பரவியது. புனேயில் அத்துமீறல் தாங்காமல் 1897 ஜூனில் பிளேக் அதிகாரி ராண்டையே சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள்.

இதற்கு நேர்மாறாக இன்னொரு காட்சியும் உண்டு. வால்டிமர் ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி பம்பாயில் பிளேக் தடுப்பூசி தயாரித்தார், 1897 ஜனவரி 10 அன்று முதல் ஊசியைத் தனக்கே போட்டுக்கொண்டார். அப்புறம்தான் மற்றவர்களைக் கேட்டார். ஆயிரக்கணக்கானவர்கள் கையை நீட்டினார்கள். 1902ல் பஞ்சாபில் ஒரு கிராமத்தில் ஒரு பாட்டில் மருந்து கெட்டுப்போய் 19 பேர் ரணஜன்னி (டெட்டனஸ்) கண்டு இறந்தார்கள், பழி ஹாஃப்கின் தலையில் விழுந்தது, அவர் மேல் தப்பில்லை என்று அரசு ஒப்புக்கொள்ள 1907 வரை ஆனது. நம்பிக்கை சம்பாதிக்க எவ்வளவு காலம் பிடிக்கும், போக ஒரு பாட்டில் போதும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது. இன்றைக்கு ஏஐ கம்பெனிகள் "எங்களை நம்புங்கள்" என்று சொல்லும்போதெல்லாம் ஹாஃப்கினின் முதல் ஊசிதான் என் நினைவுக்கு வரும். உங்கள் பொருளை முதலில் யார் மேல் சோதித்தீர்கள் என்று கேட்கத் தோன்றும்.

ஓடினது, ஒளித்தது தவிர மூன்றாவதாக ஒன்றும் நடந்தது, நீ தினமும் அதற்குள்ளேதான் நடக்கிறாய். பழைய நகரமான பேட்டையின் நெரிசலைக் குறைக்க மல்லேஸ்வரமும் பசவனகுடியும் பிளேக்குக்குப் பிறகு வேகமாக எழுந்தன. அகலத் தெரு, வீட்டுக்குப் பின்னால் கழிவு எடுக்கச் சந்து, காற்று வரும் இடைவெளி. கண்டோன்மென்ட் பக்கம் ஃப்ரேசர் டவுனும் அதே காரணத்துக்காக வந்தது, எலி அண்டாதபடி வீட்டை எப்படிக் கட்டுவது என்று அங்கே யோசித்துக் கட்டினார்கள். உன் வீட்டுப் பின்சந்து ஒரு பெருந்தொற்றுக்கு ஊர் சேர்ந்து சொன்ன பதில்.

பாட்டி வைக்கிற பொங்கலையும் நான் குறைவாக நினைக்கவில்லை. கோயம்புத்தூரிலும் பிளேக் மாரியம்மன் இருக்கிறாள், 2021ல் இருகூரில் கொரோனா தேவிக்கே சிலை வைத்தார்கள். ஊர் கூடிப் பயத்தைச் சொல்லிக்கொள்ள ஒரு இடம் வேண்டும், அது தப்பில்லை. கூழ் ஊற்றிவிட்டு ஊசியும் போட்டுக்கொண்டால் போதும்.

கேள்வி: எங்கள் அபார்ட்மெண்ட் சங்கத்தில் நான் செயலாளர். அடுத்த தொற்று வந்தால் என்று ஒரு தொகை ஒதுக்கலாம் என்கிறார்கள். ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர், மாஸ்க், மருந்து என்று இப்போதே வாங்கி ஸ்டோர் ரூமில் பூட்டி வைப்பதா?
– எலெக்ட்ரானிக் சிட்டி

பதில்: சார், பொருளை விடப் பட்டியல் முக்கியம். 2021 ஏப்ரலில் எங்கள் கட்டடத்தில் வாட்ச்மேன் மேஜை மேல் ஒரு நீளவாக்கு நோட்டு கிடந்தது. முதல் பக்கத்தில் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை யார் எடுத்தார்கள், எத்தனை மணிக்குத் திருப்பிக் கொடுத்தார்கள், பேட்டரி எப்போது மாற்றியது. மீட்டர் ஒரு துணிப்பையில் ஸ்பிரிட் பஞ்சோடு கதவு கதவாகப் போய் வரும். நோட்டின் கடைசிப் பக்கத்தில், தனியாக இருக்கும் பெரியவர்கள் பெயர், தினமும் காலை எட்டரைக்கு யாருக்கு யார் போன் செய்வது, யாருக்குச் சர்க்கரை, யார் வீட்டுச் சாவி யாரிடம். ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழே இறங்கினால் அடுத்த போன் யாருக்கு என்பது அட்டையிலேயே எழுதியிருந்தது. அந்த நோட்டுக்கு ஆன செலவு ஒன்றுமில்லை, அது இல்லாத கட்டடங்களில் பக்கத்து வீட்டில் என்ன நடந்தது என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. முதலில் அந்தப் பட்டியலை எழுதுங்கள், ஆறு மாதத்துக்கு ஒரு முறை திருத்துங்கள்.

மருந்து வாங்கிப் பூட்டாதீர்கள், தயவுசெய்து. இரண்டாம் அலையில் ரெம்டெசிவிர் தேடி ஜனங்கள் ராத்திரி பகலாக அலைந்தார்கள், கள்ளச்சந்தையில் பல மடங்கு விலை கொடுத்தார்கள். அதற்கு முன்பே 2020 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம், ஆஸ்பத்திரியில் இருக்கும் நோயாளிகளுக்கு அந்த மருந்தைப் பரிந்துரைக்கவில்லை என்று சொல்லியிருந்தது. மறுபக்கம், 2020 ஜூனில் இங்கிலாந்து ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்த நோயாளிகளின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது டெக்ஸாமெத்தசோன் என்கிற மிக மலிவான பழைய ஸ்டீராய்டு. அதுவும் ஆக்சிஜன் தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும், டாக்டர் சொன்னால் மட்டும். பீதியில் கை எட்டுவது விலை உயர்ந்ததை நோக்கித்தான் போகும், உதவுவது பெரும்பாலும் வேறாக இருக்கும்.

காற்றைப் பற்றி யோசியுங்கள். 2020 மார்ச்சில் கொரோனா காற்றில் பரவாது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது, அது அப்படியில்லை என்பதை முழுசாக ஒப்புக்கொள்ள ஒரு வருஷத்துக்கு மேல் பிடித்தது. அதுவரை நாம் காய்கறியைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தோம். உங்கள் கிளப் ஹவுஸ், ஜிம், லிஃப்ட் லாபி இதிலெல்லாம் ஜன்னல் திறக்கிறதா, எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறதா என்று பாருங்கள். கார்பன் டை ஆக்சைடு அளக்கும் ஒரு சின்ன மீட்டர் வாங்கி அசோசியேஷன் கூட்டம் நடக்கும்போது மேஜையில் வையுங்கள், காற்று எவ்வளவு தேங்குகிறது என்று எல்லாருக்கும் கண்ணெதிரே தெரியும். பெங்களூர் வெயிலுக்கும் குளிருக்கும் வருஷத்தில் பெரும்பகுதி ஜன்னலைத் திறந்தே வைக்கலாம், இந்த வசதி டெல்லிக்காரர்களுக்குக் கிடையாது.

கடைசியாக ஒன்று, இதில் எனக்குக் கோபம் உண்டு. 2020ல் எத்தனையோ குடியிருப்புகளில் வீட்டு வேலை செய்கிற பெண்களை வாசலிலேயே நிறுத்தினார்கள், பல வீடுகளில் அந்த மாதச் சம்பளமும் கொடுக்கவில்லை. தடுப்பூசி வந்தபோது பதிவு செய்யக் கோவின் தளம் தமிழிலும் கன்னடத்திலும் வந்ததே 2021 ஜூனில்தான், போன் இல்லாதவர்கள், ஓடிபி படிக்கத் தெரியாதவர்கள் அதுவரை என்ன செய்திருப்பார்கள். உங்கள் பட்டியலில் வாட்ச்மேன், வேலைக்கு வரும் அம்மாக்கள், குப்பை எடுக்கிறவர், எல்லார் பெயரும் முதல் நாளே இருக்க வேண்டும். வர முடியாத நாட்களுக்கும் சம்பளம் உண்டு என்று சங்கத் தீர்மானம் போட்டு மினிட்ஸில் எழுதிவையுங்கள். சம்பளம் போகும் என்றால் காய்ச்சலோடுதான் வேலைக்கு வருவார்கள், நாமாக இருந்தாலும் அப்படித்தான் வருவோம்.

கேள்வி: மகன் குரலிலேயே போன் வந்தது, ஆக்சிடென்ட், உடனே பணம் அனுப்பு என்று. நல்ல வேளையாக மகன் பக்கத்து அறையில் இருந்தான். இனி எப்படி நம்புவது?
– இல்லத்தரசி, கே.ஆர்.புரம்

பதில்: தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது அம்மா. குரலை மட்டும் நம்புகிற காலம் முடிந்துவிட்டது. 2024ல் ஹாங்காங்கில் ஒரு பெரிய நிறுவனத்தின் ஊழியர், வீடியோ கூட்டத்தில் தன் மேலதிகாரிகளைக் கண்ணால் பார்த்துப் பேசிவிட்டு, சுமார் 20 கோடி ஹாங்காங் டாலரை மாற்றிக் கொடுத்தார், திரையில் இருந்தவர்கள் எல்லாம் ஏஐ செய்த போலிகள். படித்தவர், பணத்தைக் கையாள்வதே தொழிலாக இருந்தவர்.

வீட்டுக்குள் ஒரு ரகசிய வார்த்தை வைத்துக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப்பில் எழுதாமல் வாயால் மட்டும் சொல்லி. பணம் என்று வந்தால் போனை வைத்துவிட்டு, உங்களிடம் இருக்கிற நம்பருக்கு நீங்களே திரும்பக் கூப்பிடுங்கள். "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று ஒன்று நம் சட்டத்திலேயே கிடையாது, எந்தப் போலீசும் வீடியோவில் கைது செய்ய மாட்டார். பணம் போய்விட்டால் வெட்கப்படாமல் உடனே 1930க்கு அடியுங்கள், சீக்கிரம் சொன்னால் வங்கிக் கணக்கில் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். அப்புறம் உங்களுக்கு நடந்ததை மாடியில், பூக்கடையில், கோயிலில் எல்லாரிடமும் சொல்லுங்கள். ஏமாந்தவர்கள் வெளியே சொல்லாததுதான் இந்தக் கும்பலுக்குப் பெரிய பலம்.

கேள்வி: பி.இ. கடைசி வருஷம். ஏஐயால் வேலை போகும் என்று பயந்துகொண்டே ஏஐ படிக்கிறேன். இந்த ஆபத்தைக் குறைக்கிற பக்கம் வேலை ஏதாவது இருக்கிறதா?
– மாணவர், யெலஹங்கா

பதில்: இருக்கிறது தம்பி, இன்னும் ஆள் போதவில்லை. சென்னை ஐஐடியில் பொறுப்பான ஏஐ பற்றி ஆராய 2023ல் ஒரு மையமே தொடங்கினார்கள். மத்திய அரசு 2025 ஜனவரியில் ஏஐ பாதுகாப்புக்கென்று ஒரு நிறுவனம் அமைக்கப்போவதாக அறிவித்தது. மாடல்களைச் சோதிப்பது, எங்கே பொய் சொல்கின்றன என்று கண்டுபிடிப்பது, இந்திய மொழிகளில் எப்படித் தடம் புரள்கின்றன என்று பார்ப்பது, இதற்கெல்லாம் தமிழ் தெரிந்த இன்ஜினியர் வேண்டும்.

தொற்றுநோய்ப் பக்கமும் கணினி ஆட்களுக்கு வேலை இருக்கிறது. கொரோனா காலத்தில் இந்த ஊரின் கழிவுநீர் நிலையங்களிலிருந்து மாதிரி எடுத்து வைரஸ் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கண்காணித்தார்கள், யாரும் டெஸ்டுக்கு வராவிட்டாலும் சாக்கடை உண்மை சொல்லிவிடும். அந்தத் தரவைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். சென்னையில் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது, அங்கே என்னென்ன படிப்பு என்று பார். சம்பளம் கம்பெனி அளவுக்கு இருக்காது, அதைத் தெரிந்துகொண்டே போ.

கேள்வி: இவ்வளவு எழுதினாலும், அரசாங்கம் செய்ய வேண்டியதைத் தனி ஆள் தலையில் கட்டுவது நியாயமா? ஒருத்தர் செய்து என்ன ஆகிவிடும்?
– வாசகர், அல்சூர்

பதில்: முதல் பாதிக்கு முழுசாக உங்கள் கட்சி. இரண்டாவது பாதிக்கு இல்லை.

2018 மே மாதம் கோழிக்கோட்டில் ஒரே குடும்பத்தில் இரண்டாவது ஆள் அதே மாதிரி காய்ச்சலோடு வந்தபோது, இது சாதாரண மூளைக்காய்ச்சல் இல்லை என்று சில டாக்டர்கள் சந்தேகப்பட்டு நம் கர்நாடகத்தில் இருக்கிற மணிப்பால் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பினார்கள். நிபா என்று சீக்கிரமே தெரிந்தது, ஊர் தப்பித்தது. அந்தக் குடும்பத்தின் முதல் நோயாளியைக் கவனித்த நர்ஸ் லினி பிழைக்கவில்லை. 2014ல் நைஜீரியாவின் லாகோஸ் நகரத்தில் எபோலா நோயாளியை மேலிடத்து நெருக்கடியையும் மீறி ஆஸ்பத்திரியை விட்டு வெளியே விடாமல் நிறுத்தியவர் டாக்டர் அடாடெவோ, அவரும் அதே நோயில் இறந்தார், ஆனால் இரண்டு கோடிப் பேர் அளவுக்கு நெருக்கமாக வாழ்கிற அந்த நகரத்தில் எபோலா பெரிதாகப் பரவாமல் நின்றது. வூஹானில் லீ வென்லியாங் 2019 டிசம்பர் 30 அன்று சக டாக்டர்களை எச்சரித்தார், நான்கு நாளில் போலீஸ் கூப்பிட்டுக் கண்டித்தது. ஒருத்தர் செய்து நிறைய ஆகும் சார். ஆனால் அந்த ஒருத்தர் வாயைத் திறந்தால் அடி விழாது என்கிற ஏற்பாட்டைச் செய்ய வேண்டியது அரசும் சமூகமும். 2024 ஜூனில் பெரிய ஏஐ நிறுவனங்களில் வேலை பார்த்தவர்களும், அப்போது பார்த்துக்கொண்டிருந்தவர்களும் சிலர் சேர்ந்து ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். ஆபத்தைப் பார்த்தால் வெளியே சொல்லும் உரிமை வேண்டும், சொன்னால் பழிவாங்கக் கூடாது என்பதுதான் அவர்கள் கேட்டது. அப்படி ஒரு பாதுகாப்பு நம் நாட்டிலும் சட்டமாக வர வேண்டும் என்று கேட்பது நம் வேலை.

அரசைப் பற்றிக் கேட்டதால் நம் ஊர் விஷயம் ஒன்று. பெங்களூர் மாநகராட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்துக்குப் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது, தேர்தல் நடக்கவில்லை. 2021 ஏப்ரலில் இரண்டாம் அலை வந்து, படுக்கைக்கும் ஆம்புலன்ஸுக்கும் ஜனங்கள் அலைந்தபோது, வார்டுக்குக் கார்ப்பரேட்டர் என்று ஒருவர் கிடையாது. யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்றே தெரியவில்லை. அதற்குப் பிறகு மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்தும் ஆயிற்று. உங்கள் வார்டுக்குத் தேர்தல் வரும்போது அல்சூரில் ஓட்டுக் கேட்டு வீடு வீடாக வருவார்கள், தமிழில் பேசிக்கொண்டே வருவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை நர்ஸ் இடம் காலியாக இருக்கிறது, ஆக்சிஜனுக்கு என்ன ஏற்பாடு, வார்டு கமிட்டி மாதா மாதம் கூடுமா, அதில் நான் வந்து உட்காரலாமா என்று கேளுங்கள். பதிலைத் தேதி போட்டு எழுதி வாங்கிக்கொண்டு எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன்.